ஏலக்கா எடுத்த ஒற்றைச் சாக்ஸ்

தேனி மாவட்டத்தில் தேனீக்களுக்காகச் சாக்ஸ் திருடிய ஒரே ஆள் ஏலக்காதான். வேறு யாராவது இருந்தால் வாசகர்கள் எழுதித் தெரிவிக்கலாம். நான் நம்பமாட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் பெண்கள் விடுதியில் யாருக்கும் தெரியாது. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலை. ‘ஏலக்காய் அக்கா’ என்று ஆரம்பித்தது, காலை அவசரத்தில் ஏலக்காவாகிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதன்முதலில் சாக்ஸ் போட்டவளும் நானே. இரண்டிலும் எனக்குப் பெருமை உண்டு. அந்தச் சாக்ஸில் ஒன்று கொடியிலிருந்து காணாமல் போனது. அடுத்த வாரம் இன்னொரு ஜோடியில் ஒன்று. பிறகு ஒருநாள் போடி பஸ்ஸில் போகும்போது, ரோட்டோர முள்செடியில் என் சாக்ஸ் தொங்குவதைப் பார்த்தேன். வாயை நூலால் கட்டியிருந்தது. சாயங்காலம் விடுதியில் அதைச் சொல்லிப் புலம்பினேன்.

“அது செம்முள்ளி. பேருதான் செம்மு, பூ மஞ்சளு. காய் முத்துனா வெடிச்சு வெத செதறிப்போகும். சாக்ஸ மாட்டிவிட்டா உள்ளயே விழுகும்” என்றார் ஏலக்கா.

“அதுக்கு என் சாக்ஸா?”

“உன்னதுதான் நல்ல சாக்ஸு. மத்தவளுகளுது பூராம் ஓட்டை.”

நன்றி சொல்லிவிட்டேன். அறைக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

விடுதியின் வடபுறம், மதிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, வேப்பமர நிழலில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. வார்டன் அங்கே சிமெண்ட் போட்டு ஸ்கூட்டர் நிறுத்த ஆசைப்பட்டார். ஏலக்கா காட்டுப்பூ வளர்க்க ஆசைப்பட்டார்.

“ஏலத்தோட்டம் பூராம் நெழலு. தேனீ வரலைன்னா அங்கன காயே இல்லை. ஏலம் பூக்காத மாசத்துல அதுக சாப்பாட்டுக்கு எங்கன போகும்? நெழல்லயும் பூக்குற செடி வேணும்ல?”

“தோட்டம் மலை மேலல்ல இருக்கு?” என்றார் வார்டன்.

“ஏன், மலைத் தேனீக்கு மட்டுந்தான் வயிறு இருக்கா?”

வார்டன் யோசித்தார். “சரி. வர்ற பொங்கல் போகட்டும். அதுக்கு அடுத்த பொங்கலுக்குள்ள பூக்கணும். இல்லைன்னா சிமெண்டு.”

ஏலக்கா விதைகளை டம்ளரில் ஊறவைத்தார். அவை வழவழவென்று உப்பி நின்றன. பக்கத்து அறைக் கம்பத்துப் பாத்திமா சப்ஜா விதை என்று நினைத்து, பாதியை நன்னாரி சர்பத்தில் கலந்து குடித்துவிட்டாள். ஏலக்கா திட்டவில்லை. “கொஞ்ச நாளைக்கு நெழல்லயே இரு” என்று மட்டும் சொன்னார்.

மிச்ச விதை முட்டை அட்டையில் முளைத்து, பிறகு அந்த நிலத்துக்குப் போனது. முதல் வருடம் இலை. இலை மட்டும். ஏலக்கா அதன் முன் ஸ்டூல் போட்டுக் காப்பி குடிப்பார். “வேரு பிடிக்குது” என்பார். வேர் கண்ணுக்குத் தெரியாததால் யாராலும் மறுக்க முடியவில்லை.

இரண்டாம் வருடம் ஐப்பசி மழையில் மொட்டு கட்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வருசநாட்டிலிருந்து என் அம்மா என்னைப் பார்க்க வந்தார்.

அம்மாவுக்குக் களையெடுப்புதான் தொழில். அவர் எடுத்த களைதான் என் படிப்பு. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், சும்மா உட்கார்ந்திருக்க அவர் கை சம்மதிக்கவில்லை.

“ஏத்தா, இம்புட்டுப் படிச்ச புள்ளைக இருக்கீக, ஒருத்திக்காச்சும் குனிய முடியலையா? பூராம் முள்ளுக் களை! களைக்கொத்தி இல்லாம வெறுங்கையிலயே எடுத்துட்டேன்.”

நிலம் கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது. நான் திரும்பினால், பின்னால் ஏலக்கா. மொட்டோடு கிடந்த குவியலைப் பார்த்தார். அம்மாவின் கையில் இருந்த முள் கீறலைப் பார்த்தார்.

“நல்லா எடுத்திருக்கீக மதினி. காப்பி குடிச்சீகளா?”

அன்று சாயங்காலமும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, வெறும் மண்ணைப் பார்த்தபடி காப்பி குடித்தார். பாதியில் வைத்துவிட்டார்.

மார்கழி முடியும்போது வார்டன் கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் குனிந்து பார்த்தார்.

“மேடம், இங்கன என்னமோ மொளைச்சிருக்கு.”

முள் குத்தியதில் அம்மா தண்டைத்தான் ஒடித்திருந்தார். பிடித்த வேர் உள்ளேயே இருந்திருக்கிறது. எல்லாம் விரல் உயரம். தொட்டிக்குப் பின்னால், அம்மாவின் கண்ணுக்குத் தப்பிய ஒரு செடியில் மட்டும் ஒரே ஒரு மஞ்சள் பூ. அதற்குள் தலையை நுழைத்தபடி ஒரு தேனீ.

“ஒரு பூதானே இருக்கு?” என்றார் வார்டன்.

“பூக்கணும்னுதான் சொன்னீக. எத்தனைன்னு சொல்லலை.”

வார்டன் தேனீயைப் பார்த்தார். தேனீ வார்டனைப் பார்க்கவில்லை. சிமெண்ட் மூட்டை குளியலறைத் தரைக்குப் போனது.

அம்மாவைத் தவிர எல்லாருக்கும் சந்தோஷம். “நான் எடுத்த களை திரும்ப மொளைச்சுச்சா? எங்கூர்ல வந்து சொல்லிராத, ஆத்தா” என்றார். சொல்லவில்லை. பத்திரிகையில்தான் எழுதுகிறேன்.

ஏலக்கா இப்போது குமுளி தாண்டி, ஏலத்தோட்டத்துக்கே வேலைக்குப் போய்விட்டார். செடிகள் இடுப்பு உயரம் வளர்ந்து, காலையில் அந்தப் பக்கம் ஒரே தேனீ இரைச்சல். நான் துணி காயப்போடும்போது, நல்ல சாக்ஸில் ஒன்றை மட்டும் கேட் பக்கமாக, கைக்கு எட்டும்படி போட்டுவைக்கிறேன்.

இதுவரை யாரும் எடுக்கவில்லை.