லிட்டருக்குப் பதினெட்டு

பெட்ரோல் பங்கில் நின்றபடியே கணக்குப் போட்ட எடையளவு ஆய்வாளருக்கு முகம் சுண்டிப்போனது. லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர்தான். அந்தக் குட்டி எஸ்யூவியை விற்றவர்கள் பதினெட்டு என்று சத்தியம் பண்ணாத குறை. ஊர்த் தராசெல்லாம் அவர் தலையைக் கண்டாலே நேராக நிற்கும். சொந்த வண்டி மட்டும் கண்ணில் மண்ணைத் தூவியது.

அன்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தார். டயர் காற்று, கியர், பிரேக் என்று சாப்பாடு ஆறும்வரை பேசினார்.

"ஆக்ஸிலரேட்டர் மேல ஒரு முட்டை இருக்கறதா நினைச்சுக்கணும். அது உடையாம மிதிக்கணும்."

"சரிங்க," என்றாள் மனைவி, தட்டைப் பார்த்துக்கொண்டே.

காற்றைச் சரிபார்த்தார். மேலே இருந்த கேரியரைக் கழற்றினார். அடுத்த முறை வந்தது பதின்மூன்று.

பாரம்தான் காரணம் என்று முடிவுகட்டி, தயங்கித் தயங்கி மாமனாரிடம் போனார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க எடை என்ன?"

"தொண்ணூத்தாறு, மாப்பிள்ளை. எதுக்கு?"

"வெளிய போறப்ப நீங்க மட்டும் பஸ்ல வந்தீங்கன்னா..."

மாமனார் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் இரண்டு நாள் அந்தத் தாள் இறங்கவே இல்லை.

கல்லூரிக்குப் போகும் மகளின் பையை நிறுத்துப் பார்த்தார். கூடத்துச் சுவரில் வரைபடம் ஒட்டி, சாயங்காலம்தோறும் அதை விளக்கினார். கோடு பதினொன்றுக்கு இறங்கியது.

"அப்பா, போதும்ப்பா!" என்று மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் வீம்புக்கு வண்டியைத் தொடாமல் ஒரு வாரம் நடந்தே வேலைக்குப் போனார். வார முடிவில், வீட்டில் இடமில்லாததால் பக்கத்துத் தெரு மரநிழலில் நின்ற வண்டிக்குப் போய்ச் சாவியைத் திருகினார். ஓடிய தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. பாதி டாங்க்கில் நின்ற முள் மட்டும் கால் டாங்க்குக்கும் கீழே படுத்திருந்தது.

மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் வண்டிக்கடியில் ஊர்ந்து போய், நெடுநேரம் கழித்து வெளியே வந்தான்.

"ஒழுகல் இல்லீங்க. யாரும் உறிஞ்சி எடுத்த தடமும் இல்ல."

ஆய்வாளர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுல ஒருத்தரும் எங்கூட முகம் கொடுத்துப் பேசறதில்லப்பா. எல்லாம் இந்தச் சனியனாலதான். வித்துத் தொலைச்சிடறேன்."

வண்டி நின்ற இடத்துக்கு எதிர்வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தையல்காரம்மா பதறிப்போய் ஓடிவந்தாள்.

"ஐயோ, வித்துடாதீங்க சார்! நீங்க மைலேஜ் பத்திப் பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து, உங்க வீட்டுல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கடைக்குப் போறேன்னு கிளம்பி வந்து, கண்ணாடிய ஏத்தி, ஏசியப் போட்டுக்கிட்டு, உங்க பேச்சு முடியற வரைக்கும் இதுக்குள்ளதான் உக்காந்திருக்காங்க!"