அரை மணி நேர வீட்டுத் தமிழ்

மார்கழி பிறந்திருந்தது. கீழ்க்கடலில் திரண்ட கார்முகில் ஜொகூர் வானை முழுதும் போர்த்திப் பகலையும் அந்தியாக்கியிருந்தது. பாசிர் கூடாங் ஆலைகளின் புகைபோக்கிகள் மழைக்குள் தவமிருப்பனபோல் நின்றன. மாசாயின் வரிசை வீடுகளில் கூரைதோறும் நீர் சொரிந்துகொண்டிருந்தது. மனிதன் தன் குற்றங்களைத் தானே எண்ணிப் பார்க்கத் தோதான பருவம்.

லோகேஸ்வரனோ அரை மணி நேரப் பேச்சை எண்ணிக்கொண்டிருந்தான்.

பல மொழிகள் கலந்த வீட்டில் குழந்தை தமிழை எவ்வாறு கற்கிறது என்பது அவனது முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக மூன்று மாதங்களாகக் கஸ்தூரியின் வீட்டுக்கு வந்து, அவள் மகள் நான்கு வயது பிரவீனாவின் பேச்சைப் பதிவுசெய்கிறான். பதிவுகளைக் கேட்ட பேராசிரியர் பிரேமலா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இது வீட்டுப் பேச்சா, பள்ளி ஆண்டு விழா நாடகமா? வெள்ளிக்கிழமைக்குள்ள அரை மணி நேரம் இயல்பான பேச்சு கொண்டு வாங்க. இல்லாட்டி இந்த ஆய்வையே மறந்துடுங்க லோகேஸ்."

இன்று வியாழன். பதிவுக் கருவி மேசைமேல் இருந்தது.

"மகளே, நீ சோறு உண்டாயா?" என்றாள் கஸ்தூரி.

"ஆம் அம்மா, உண்டேன்," என்றது குழந்தை.

லோகேஸ்வரன் கருவியை அணைத்துப் பையில் வைத்தான். குறிப்பேட்டை எடுத்து, அடுப்படியில் கிடந்ததைச் சுட்டினான். "அக்கா, இதனை நீங்கள் எவ்வாறு அழைப்பீர்கள்?"

"க...ர...ண்...டி," என்றாள் அவள், ஒவ்வோர் எழுத்தாக. "மெதுவாக எழுதுங்கள் தம்பி. அவசரம் இல்லை."

நிலைமை மோசமானது. தான் எளிமையாகப் பேசினால் அவர்களும் இளகுவார்கள் என்று எண்ணினான். ஆனால், மூவாரில் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்து, தமிழை நூல்களிலும் பதிகங்களிலும் மட்டுமே கற்றவன் அவன். நாவில் அச்சுத் தமிழே குடியிருந்தது. இருப்பினும் ஊரார்போல் மலாய் கலந்து பேசத் துணிந்தான்.

"அலமாக் லா! மழை... மிகவும் பெய்யுதுங்க லா!"

பிரவீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கஸ்தூரி அவளை அதட்டிவிட்டு, உள்ளே போய்ப் படம் போட்ட அரிச்சுவடி ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் பரிவோடு வைத்தாள். "பாப்பாவுடையது. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்."

ஆய்வுக்குக் கிடைத்த அரிய சான்று என்று எண்ணி அதற்கு நன்றி சொன்னான்.

பிறகுதான் அந்தப் பாவத்தைச் செய்தான். கை கழுவுவதாகச் சொல்லி எழுந்தவன், பையிலிருந்து கருவியை எடுத்து, சாமி மேடையிலிருந்த முருகன் படத்தின் பின்னால் ஓடவிட்டு மறைத்தான். வேண்டுமென்றே குடையை மறந்து வெளியேறினான்.

ஒரு மணி நேரம் கழித்து நனைந்து திரும்பியவனிடம், வாசலிலேயே குடையை நீட்டினாள் கஸ்தூரி.

"சாமி கும்பிட்டுச் செல்கிறேனே, அக்கா," என்றான். சொன்ன நாக்கு கூசியது.

"நல்ல நேரத்தில் வந்தீர்கள். விளக்கு ஏற்றுகிற நேரம்தான். வாருங்கள்."

குடும்பமே கூடிவிட்டது. இரவு வேலைக்குச் செல்லும் கணவர் ரூபேந்திரன்கூட உறக்கம் கலைந்து வந்து நின்றார். இவன் வரும்போதெல்லாம் உறங்கிக்கொண்டே இருப்பவர் அவர். பொய்யாய்க் கைகூப்பி நின்ற லோகேஸ்வரனால் படத்தை நெருங்க முடியவில்லை.

"அம்மா, இங்க பாரேன்! முருகன் பின்னாடி ரெட் லைட்டு எரியுது லா!"

மூன்று மாதமாக அவன் காத்திருந்த இயல்பான வாக்கியம் அது. கேட்டு மகிழும் நிலையில் அவன் இல்லை.

கஸ்தூரி கருவியை எடுத்துப் பார்த்தாள். "இது உங்களோடதுதானே தம்பி?"

"என்னுடையதுதான்," என்றான். முகம் எரிந்தது. "நீங்கள் அறியாமல் உங்கள் பேச்சைத் திருடினேன். அதுவும் இறைவனுக்குப் பின்னால் ஒளிந்து. என்னை மன்னியுங்கள்."

அவள் கையிலிருந்து கருவியை வாங்கி, பதிவில் ஒரு சொல்லையும் கேட்டுப் பாராமல் எல்லாவற்றையும் அழித்தான். நாளைய வெள்ளிக்கிழமையும் அதோடு அழிந்தது. நிமிர்ந்து பார்க்கத் துணிவின்றி நின்றான்.

கஸ்தூரி படத்தை நேராக்கி, திரியைத் தூண்டி, விளக்கேற்றினாள். சுடர் நின்று எரிந்தது. ரூபேந்திரன் திருநீற்றை எடுத்து, குனிந்திருந்த அவன் நெற்றியில் பூசி, உச்சியில் கை வைத்தார்.

"வெக்கப்படாதீங்க தம்பி, நல்லா இருப்பீங்க. உங்களுக்குப் புரியட்டும்னுதான் வீட்டுல எல்லாரும் மூணு மாசமா புக்கு மாதிரி பேசுறோம், முருகன் புண்ணியத்துல சீக்கிரமே நீங்களும் தமிழ் கத்துக்கிட்டு எங்கள மாதிரி பேசிடுவீங்க!"