இடைவெளி இல்லாத இருமல்

மேலாளரின் கார் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. கிடங்கு எழுத்தருக்கோ இருமல் வருவேனா என்றது.

வினை ஒரு சொல்லால் வந்தது. வெறும் இருமல் என்றால் விடுப்பு கிடைக்காதே என்று, ‘கன்டினியுவஸ்’ இருமல் என்று எடுப்பாக எழுதி அனுப்பியிருந்தார். போன வாரம்தான் பொறுப்பேற்ற மேலாளர் ஆங்கிலத்தில் கறார் பேர்வழி. உடனே பதில் வந்தது: ‘விட்டு விட்டு வந்தால் கன்டினியுவல். கன்டினியுவஸ் என்றால் நடுவில் இடைவெளியே கிடையாது. அப்படி ஓர் இருமலை நான் கேட்டதில்லை. வந்து கேட்கிறேன்.’

“அந்த வார்த்தையை மாத்தி அனுப்பிடுங்களேன்” என்றாள் மனைவி.

“மாத்தினா பொய்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இருமியே தீருவேன்!”

மறுநாள் மகளுக்குத் தொடர் ஓட்டத்தில் இறுதிப் போட்டி; விடுப்பு கேட்டதே அதற்குத்தான். அவள் ஓடி ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை. “இந்தத் தடவையும் வரலைன்னா, இனிமே வரவே வேணாம்ப்பா” என்று அவள் சொன்னது சுருக்கென்று தைத்திருந்தது.

மேலாளர் எதிரில் உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்தார். எழுத்தர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஆரம்பித்தார். போகப்போக ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. மேலாளர் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. மனைவி தண்ணீரை நீட்டினாள்.

“குடிச்சா இடைவெளி விழுந்திடும்டி” என்று முணுமுணுத்தார்.

“நான் பாத்துக்கறேன்” என்றவள், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போய்க் கதவிடுக்கில் நின்று இருமத் தொடங்கினாள். கைக்குட்டை மறைத்திருக்கும்வரை சத்தம் யாருடையது என்று தெரியவா போகிறது!

ஆனால் அவளும் சீக்கிரமே களைத்துப்போனாள்.

“விடும்மா, நான் வாங்கிக்கறேன்” என்று மகள் முன்னே வந்தாள். ஓட்டக்காரியின் மூச்சு, கேட்க வேண்டுமா? வீடே இரண்டுபட்டது. நிம்மதியில் எழுத்தர் கண்ணை மூடிச் சாய்ந்தார். கைக்குட்டை நழுவி மடியில் விழுந்தது. மூடிய வாய் பளிச்சென்று தெரிந்தது. இருமலோ கணீரென்று கேட்டது.

வாசற்படிக்கு வந்து நின்ற மனைவி, போச்சு என்று தலையில் கை வைத்தாள்.

மேலாளர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, எழுத்தரின் தோளைத் தட்டினார். “ரொம்ப சந்தோஷம்! நான் வந்தப்ப கொஞ்சம் தோள் குலுங்குச்சு. அப்புறம் கவனிச்சுக்கிட்டேதான் இருக்கேன், ஒரு இருமல்கூட இல்லை. நல்லாயிட்டீங்க. நாளைக்கு வேலைக்கு வந்திடுங்க!”

எழுத்தர் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். உள்ளே மகள் உயிரைக் கொடுத்து இருமிக்கொண்டிருந்தாள். அதே நேரம் கார் டிரைவர் மூச்சிரைக்க ஓடிவந்து, மனைவியின் கையில் எதையோ திணித்தார்.

“அம்மா, இதை ஐயாகிட்ட குடுத்திடுங்க. காது மெஷினை கார்லயே விட்டுட்டாரு. இது இல்லைன்னா, பக்கத்துல இடி விழுந்தாக்கூட அவருக்குக் கேக்காது!”