அடையாளம் தெரியாத தலைகள்

உங்கள் வீட்டுக்கு ஒருவர் வருகிறார். உட்காருங்கள் என்கிறீர்கள். அவர் உட்காராமல் சுவரைப் பார்க்கிறார், அலமாரியைப் பார்க்கிறார், கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்கிறார், பிறகு எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "பழைய போட்டோ ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கிறார். திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். திருடனாக இருந்தால் நகையோடு போய்விடுவான். இவர் ஓவியர். வெட்டி ஒட்டும் ஓவியர். தூரிகை கிடையாது, சாயம் கிடையாது. ஒரு கத்தரிக்கோல், ஒரு டப்பா பசை, அப்புறம் ஊரார் வீட்டுப் பாட்டன் பூட்டன். தொழிலுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய பேப்பர் கடையில் எடை போடும்போதே தராசுத் தட்டுக்குள் கையை விட்டுத் துழாவுகிறவர் யாரோ, அவர்தான். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், போனவர் எப்படிப் போனார் என்று கேட்காமல், அவருடைய பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர் யாரோ, அவரேதான். பூச்சி அரித்த ஒரு காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "ஆஹா... காலம்!" என்பார். நானும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன். கரப்பான் பூச்சி வாசனைதான் வந்தது.

எங்கள் எதிர்வீட்டில் இப்படி ஒருவர் குடியிருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் கத்தரி. "மறந்துபோனவங்களுக்கு நான் முகம் குடுக்கறேன்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். எப்படிக் கொடுக்கிறார் தெரியுமா? இருக்கிற முகத்தை முதலில் வெட்டி எடுத்துவிடுவார். மீசை முறுக்கிய பெரிய மனிதரின் கழுத்துக்கு மேல் ஒரு மேசை விசிறி. கல்யாணப் பெண்ணுக்கு ஒரு முட்டைகோஸ். பள்ளிக்கூடத்துக் குழுப் படத்தில் வரிசை வரிசையாகப் பூட்டு. ஏன் முட்டைகோஸ் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். என் தேநீர் ஆறி ஆடை கட்டிய பிறகும் பதில் முடியவில்லை.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. அவர் எதையும் எடுப்பதில்லை, கண்டெடுக்கிறார். தெருவில் கிடந்தால் கண்டெடுத்தது. அடுத்த வீட்டு மாடிப்படியில் கிடந்தாலும் கண்டெடுத்தது. 'உங்கள் மொட்டைமாடிக் குழாய் திறந்தே கிடக்கிறது, என் சுவரெல்லாம் ஈரம்' என்று நான் எழுதி அவர் கதவிடுக்கில் செருகிய துண்டுச் சீட்டு, ஒரு யானையின் வயிற்றில் ஒட்டப்பட்டு, 'முகம் தெரியாத ஒருவனின் கதறல்' என்ற தலைப்போடு கண்ணாடிச் சட்டத்துக்குள் போயிற்று. பார்த்தவர்கள் உருகினார்கள். குழாயை யாரும் மூடவில்லை.

போன மாதம் ஒரு வாடகை மண்டபத்தில் அவருடைய கண்காட்சி. நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம்: 'பெயரற்ற ஓட்டுநர்.' பின்னால் நிஜ வானத்துக்குப் பதில் ஒரு கிழிந்த தேசப்படம். நடுவில் ஒரு பழைய புகைப்படம். அதில் ஒரு பேருந்து, பேருந்துக்கு முன்னால் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், படியில் இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண். ஓட்டுநரின் கழுத்துக்கு மேல் தேநீர்க் கெட்டில். மூக்கிலிருந்து பஞ்சில் ஆவி வேறு!

கத்தரி கூட்டத்தைப் பார்த்துக் குரல் தழுதழுக்கப் பேசினார். "இவர் யாரு? நமக்குத் தெரியாது. இவருக்கு ஒரு மக இருந்திருக்கா. அவ என்ன ஆனா? எங்க போனா? வரலாறு அதைச் சொல்லல!"

"போஸ்ட் ஆபீசுக்குப் போனேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தால் கத்தரியின் மனைவி, தெருவுக்கே அக்கா. போஸ்ட் ஆபீஸ் வேலை முடிந்து, சாப்பாட்டுப் பையோடு நேராக வந்திருந்தார்.

"அது எங்கப்பா. படியில நிக்கிறது நான்."

கத்தரியின் முகத்தில் ஈயாடவில்லை. "இது... என் மேசையில இருந்துச்சு. கண்டெடுத்தேன்."

"வெள்ளையடிக்கிறாங்கன்னு என் பிஸ்கட் டப்பாவை உங்க மேசையில வெச்சேன். அதுக்குள்ள என் கம்மலுக்கு அடியில இருந்ததைக் கண்டெடுத்தீங்களா?"

"கம்மலை நான் தொடவே இல்லம்மா!"

எப்பேர்ப்பட்ட நேர்மை!

அக்காவுக்குக் கோபம் அடங்கி அழுகை வந்துவிட்டது. "கேமராவைப் பாத்தா ஓடிருவாருங்க அவரு. நம்ம கல்யாணத்துக்கு எல்லாரையும் பஸ்ல ஏத்திக் கொண்டுவந்தாரு, ஒரு போட்டோவுலயும் நிக்கல. இது ஒண்ணுதான் இருந்துச்சு. அவர் முகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது. தலை எங்க?"

தலையைக் கத்தரி எறியவில்லை. எறிவாரா? எல்லாத் தலைகளையும் ஒரு மீன்தொட்டியில் நிரப்பி, 'அடையாளம் தெரியாத தலைகள்' என்று அதையும் காட்சிக்கு வைத்திருந்தார். அக்கா தொட்டியை அப்படியே தரையில் கவிழ்த்தார். நகத்தளவு நகத்தளவாக நூற்றுக்கணக்கில் தலைகள். வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தேட ஆரம்பித்தார்கள்.

"இவரா பாரு?"

"அது பொம்பளைங்க."

"இவரு?"

"அவரு பாதிரியார்."

கத்தரி கையைப் பிசைந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்: "மாமாவுக்கு மீசை இருந்துச்சா?"

அக்கா இன்னொரு பிடித் தலைகளை அள்ளினார். தேடிக்கொண்டே இருந்தார். கத்தரியும் அவசர அவசரமாகப் பொறுக்கி, "இது யாரோ... இதுவும் யாரோ... இது ஒரு யானைக்காது ஆளு, நம்மாளு இல்ல" என்று ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனார்.

"அப்பா!" என்றார் அக்கா திடீரென்று. உள்ளங்கையில் ஒரு சின்ன வட்டமுகம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எப்போது ஓடலாம் என்று பார்ப்பதுபோல. அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். எழுந்தவர் நின்று, குனிந்து, கணவர் தள்ளிவிட்ட குவியலிலிருந்து அந்தக் காது பெரிய தலையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இது உங்கப்பா. பத்திரமா வெச்சுக்கங்க."

கத்தரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தன்னையறியாமல் இன்னொரு கையால் தன் காதைத் தடவிப் பார்த்தார். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை.

சிரித்தீர்களா? சிரியுங்கள். கத்தரிக்கோல் பிடித்தே அறியாத கை உங்களுடையது, எனக்குத் தெரியும். உங்கள் கைபேசியைக் கொஞ்சம் எடுங்கள். முகப்பில் வைத்திருக்கிறீர்களே, நீங்கள் அழகாக விழுந்த அந்தப் படம். பக்கத்தில் ஒருவரும் இல்லை, நீங்கள் மட்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் தோளில் ஒரு கை இருக்கிறதே, அது யாருடையது?