கிழக்குப் பார்த்த மெஷின்

மேற்குத் தாம்பரம்,
21-2-1988

மதிப்பிற்குரிய அத்திம்பேர் வைத்தீஸ்வரன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சாம்பசிவன் அநேக நமஸ்காரம். இவ்விடம் சகலரும் சௌக்கியம். அவ்விடம் சாவித்ரி அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது எல்லார் முன்னாலும், "சாம்பு, போல்ட் எண்ணறதுதான் உனக்கு லாயக்கு. ப்ராஜெக்ட் எல்லாம் படிச்சவா சமாசாரம்" என்று சொன்னீர்கள். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். நாலு மாதமாகத் தினமும் மறந்துகொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பல்லாவரத்தில் எங்கள் தோல் கம்பெனிக்கு, தோலை அழுத்தி மெருகேற்றும் மெஷின் ஒன்று வாங்கினார்கள். எடை நாலு டன். எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "நாற்பத்தஞ்சு நாள் சாம்பசிவன். ஓட வெச்சா நீங்க ப்ராஜெக்ட் மேனேஜர். இல்லேன்னா பழையபடி ஸ்டோர்ஸ்" என்றார். நான் சுவர் நீளத்துக்கு ஒரு சார்ட் ஒட்டினேன். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, யார் பொறுப்பு, எத்தனை நாள், எல்லாம் கட்டம் கட்டமாக. தினமும் ராகு காலத்துக்கு ஒன்றரை மணி நேரம் சிவப்புக் கோடு. பம்பாயிலிருந்து வந்த ஆலோசகர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய சார்ட்டில் நம் ஆட்கள் அந்த நேரத்தில் வேலை ஆரம்பிப்பதாக இருந்தது. என்னுடையதில் டீ குடிப்பதாக இருந்தது. எது நடந்தது என்று தங்களுக்குத் தெரியாதா?

மெஷின் வந்த லாரியோ, நாள் பார்த்ததுபோல் வெள்ளிக்கிழமை வந்து பல்லாவரம் வாரச் சந்தைக்குள் மாட்டிக்கொண்டது, முன்னால் கோழிக் கூடை, பின்னால் பழைய கட்டில், டிரைவர் இறங்கிக் கத்திரிக்காய் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார், நான் சார்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி நடுரோட்டில் நின்று ஒவ்வொரு கடையாக நகர்த்தி, மூன்று மணி நேரத்தில் லாரியை வெளியே கொண்டுவந்தேன். இறக்கும் சமயத்தில் காண்ட்ராக்டர் பொன்னுரங்கம் வரைபடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னா சார், மிசினு மேக்கால பாத்துகினு கீது? வெளங்குமா?" நியாயமாகப் பட்டது. ஸ்பாட்டில் முடிவெடுப்பவன்தானே மேனேஜர்? கிழக்கே பார்க்கத் திருப்பச் சொன்னேன். போல்ட் ஓட்டைகள் எப்படித் திருப்பினாலும் பொருந்தின. கான்கிரீட் போட்டு இறுக்கிவிட்டோம்.

நாற்பத்து மூன்றாம் நாள், நேற்று முன்தினம், எம்.டி. தேங்காய் உடைத்துப் பட்டனை அழுத்தினார். ஓடியது அத்திம்பேர்! கட்டடமே அதிர்ந்தது. எம்.டி. என் கையைக் குலுக்கினார். என் புரமோஷன் ஆர்டர் டைப் ஆகி அவர் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்? இருபது வருஷம் போல்ட் எண்ணியவன் நான்.

அக்காவுக்கு என் நமஸ்காரங்கள். குழந்தைகளுக்கு ஆசிகள். அடுத்த முறை தாங்கள் வரும்போது மெஷினை நானே சுற்றிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சாம்பசிவன்,
ப்ராஜெக்ட் மேனேஜர்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. இன்றுதான் முதல் தோல் ஏற்ற வேண்டிய நாள். வெள்ளிக்கிழமை ஓடியது வெறும் மெஷின். ஆபரேட்டர் ஏசுதாசன் தோலைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை சுற்றி வந்து, "எந்தப் பக்கம் சார் உள்ள வுடறது?" என்று கேட்டார். தோல் போடும் வாய் கிழக்குச் சுவரிலிருந்து அரை அடியில் இருக்கிறது. பொன்னுரங்கத்தை வரவழைத்தேன். "காங்கிரீட்டு செட்டாயிடுச்சு சார். மிசினு இனிமே அசையாது. வோணும்னா செவுத்த இடிச்சுக்கலாம்" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் எம்.டி.யின் அறை. இடிப்பதற்கு ஒன்பது நாள் என்று சார்ட் போட்டுவிட்டேன். ராகு காலத்துக்குக் கூட இடம் விட்டிருக்கிறேன். உள்ளே போய் அவரிடம் சொல்வது யார் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. பயமாக இருக்கிறது அத்திம்பேர். தயவுசெய்து இந்தப் பி.கு.வைக் கிழித்துவிட்டு, மேலே உள்ளதை மட்டும் அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டவும்.