சுங்தேல் கிராமத்தின் அங்கீகரிக்கப்பட்ட மூட்டம்

மலைத் தேயிலை பனி மூட்டத்தில் விளைகிறது என்பதை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பாக்கெட்டின் மேல் ஒரு மலையும் கூடை சுமந்த ஒரு பெண்ணும் இருப்பார்கள். கீழே "மூட்டத்தில் பிறந்தது" என்று அச்சடித்திருக்கும். கடல் தாண்டி எங்கேயோ ஒரு வாடிக்கையாளர் அந்தப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த மூட்டம்? அத்தாட்சி உண்டா?" என்று கடிதம் போட்டார். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல ஆள் இல்லாததால், காட்மாண்டுவில் மூட்டச் சான்று வாரியம் நிறுவப்பட்டது.

வாரியத்தின் சுற்றறிக்கை இலாம் மலையில் இருக்கும் சுங்தேலுக்கு ஐப்பசி மாதம் வந்து சேர்ந்தது. அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு பக்தராஜ் லிம்புவின் தலையில் விழுந்தது. பதினாறு வருஷம் மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பியவர். படிவம் நிரப்பத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அந்தப் பெயரை மறுக்க அவருக்கும் மனம் வரவில்லை.

"சான்று இல்லாத கிராமத்து இலையை எந்தத் தொழிற்சாலையும் எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஆய்வாளர் வந்து மூட்டத்தைக் கண்ணால பார்த்தாத்தான் சான்றாம்," என்றார்.

கூடியிருந்தவர்கள் தங்கள் கூடைகளைப் பார்த்தார்கள். காலையில் கிள்ளிய இலை சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை போகாவிட்டால் கூடையிலேயே சூடேறிச் சிவந்துவிடும். பிறகு மாட்டுக்குக்கூட ஆகாது. ஊர் முழுக்க இருந்தது அந்த ஒரு பிழைப்புதான். பக்தராஜின் ஐந்து துண்டு நிலத்திலும் அதே செடிதான். அத்தனையும் அவர் வெளிநாட்டில் இருந்தபோது அவர் மனைவி ஜஸ்மாயா தனியாகக் குழி வெட்டி நட்டது.

"மூட்டம்தானே, வந்து பார்த்துட்டுப் போகட்டும்," என்றான் பக்கத்து வீட்டு டம்பர். "ஆனி ஆடியில வந்தா அவர் மூக்கே அவருக்குத் தெரியாது."

"ஆனி ஆடியில வரமாட்டாங்கடா. மூட்டத்துல அரசாங்க வண்டி ஓட்டக் கூடாதுன்னு அவங்களுக்கே ஒரு சுற்றறிக்கை இருக்கு."

"அப்ப மூட்டத்தைப் பார்க்க?"

"மூட்டம் இல்லாதப்ப வருவாங்க."

ஜஸ்மாயா கூடையைத் தரையில் வைத்தாள். "மலேசியாவுல இதையெல்லாம் சிரிக்காமப் படிக்கக் கத்துக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

சொன்னபடியே, வானம் கழுவி விட்டதுபோல் இருந்த ஒரு காலையில் மூட்ட ஆய்வாளர் நிரௌலா வந்தார். முறையான மனிதர். விதிப்படி நாற்பது தப்படி தூரத்தில் ஒரு கறுப்புக் குடையைத் தொங்கவிடச் சொன்னார். கால்மணி நேரம் அது அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். குடை தெரிந்தது. குடைக்கம்பி தெரிந்தது. அதற்குப் பின்னால், யாரும் கேட்காமலே, கஞ்சன்ஜங்கா முழுசாகத் தெரிந்தது.

"இது வேற," என்று பனிமலையைப் பார்த்து வருத்தப்பட்டார் நிரௌலா. "இவ்வளவு தெளிவா இருந்தா நான் என்னங்க எழுதறது?"

"சார், மழைக்காலத்துல..."

"மழைக்காலத்தை நான் நேர்ல பார்த்ததில்லை. பார்க்காததை எழுத மாட்டேன்." 'மூட்டம்: இல்லை' என்று எழுதினார். பத்து நாளில் மறு ஆய்வு என்று தயவும் காட்டினார்.

அன்று மாலை பக்தராஜ் மாட்டுத் தொழுவத்தின் முன் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். கொசுவுக்காகத் தொழுவத்தில் பச்சை மாசிபத்திரி மூலிகைத் தழையைப் போட்டு ஜஸ்மாயா புகை மூட்டியிருந்தாள். மாடு இருந்தது. ஆனால் தெரியவில்லை.

பெரிய யோசனைகள் மனிதனுக்கு இப்படித்தான் வருகின்றன. வந்தவுடன் அவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறான். பக்தராஜும் நிமிர்த்திக்கொண்டார்.

பத்தாம் நாள் விடிவதற்குள் நாற்பது இடங்களில் ஈர மாசிபத்திரி புகைந்தது. நிரௌலா வந்து நாற்காலியில் அமர்ந்தார். குடை மறைந்தது. சற்று நேரத்தில் நாற்காலியும் மறைந்தது. உள்ளேயிருந்து இருமல் மட்டும் கேட்டது.

"அருமையான மூட்டம்," என்றது இருமல். "கண்ணுல தண்ணி வருது."

"மலைக்காத்து சார்," என்றார் பக்தராஜ்.

'மூட்டம்: உண்டு. நிறம், பழுப்பு கலந்த வெண்மை. மணம், மூலிகை சார்ந்தது. அடர்த்தி, மிகத் திருப்தி.' சான்றிதழ் சட்டம் போட்டு வந்தது. ஊரார் பக்தராஜை மூட்டக் குழுத் தலைவராக்கினார்கள். அவர் வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்த வாரத்து இலையில் மாட்டுத் தொழுவத்து வாசனை ஏறியிருந்தது. கடல் தாண்டிய வாடிக்கையாளர் குடித்துப் பார்த்துவிட்டு, "மூட்டத்தின் ஆன்மாவை இன்றுதான் ருசித்தேன்" என்று எழுதினார். அது நகரங்களுக்குப் பரவியது. மூட்ட மணம் இல்லாத தேநீரை விருந்தாளிக்குக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று ஆயிற்று. இனி சுங்தேல் இலையில் சான்றிதழில் கண்ட மணம் இருந்தே தீர வேண்டும் என்று வாரியம் ஆணையிட்டது.

ஆகவே சுங்தேல் தினமும் புகைந்தது. காலை ஐந்து மணிக்குக் குழுத் தலைவர் விசில் ஊதுவார். வீட்டுக்கு ஒரு குவியல். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இலை கிள்ளினார்கள். மாடுகள் மனிதர்களைப்போல இருமின, மனிதர்கள் மாடுகளைப்போல. ஊரில் மாசிபத்திரி தீர்ந்து, அடுத்த ஊரிலிருந்து சுமந்து வந்தார்கள்.

"அண்ணே, கொசு ஒண்ணுகூட இல்ல," என்றான் டம்பர் நன்றியோடு.

"கொசுவுக்குப் புத்தி இருக்கு," என்றாள் ஜஸ்மாயா. அவளுக்கு மார்கழியில் பிடித்த இருமல் விடவில்லை. "பதினாறு வருஷம் கையுறை செஞ்சவர், எங்க மூஞ்சிக்கு ஒரு துணி செஞ்சிருக்கலாம்."

"சான்றிதழ் இருக்குல்ல, ஜஸ்மாயா."

"அதைக் கொதிக்க வச்சுக் குடிக்கவா?"

பங்குனியில் முதல் கொழுந்து வந்தது. வருஷத்திலேயே விலை பெறும் இலை அதுதான். சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய மாதமும் அதுதான். நிரௌலா தெளிவான ஒரு காலை பார்த்து வந்தார். குவியல்கள் தயாராக இருந்தன. பக்தராஜ் விசிலை வாயில் வைத்தார்.

அப்போது ஆற்றுப் பள்ளத்திலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல், நிஜ மூட்டம் ஏறி வந்தது. வெள்ளையாக, ஈரமாக, சத்தமே இல்லாமல் சரிவைத் தாண்டி வந்து குடையை விழுங்கியது. ஜீப்பை விழுங்கியது. ஊர் முழுக்க இருமல் நின்றது. செடிகளுக்கு நடுவில் ஜஸ்மாயா கூடையோடு நின்று மூச்சை ஆழமாக இழுத்தாள்.

நிரௌலா எழுந்தார். "என்னது இது?"

"மூட்டம் சார்!" என்று பக்தராஜ் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

நிரௌலா மூக்கை உறிஞ்சினார். கோப்பைத் திறந்து கண்ணருகில் வைத்துப் படித்தார். "பழுப்பு எங்கே? மூலிகை மணம் எங்கே? பதிவேட்டோட ஒத்துப் போகலையே. இது எங்கேயிருந்து வருது?"

"கீழேயிருந்து சார். ஆத்துப் பக்கம்."

"ஆறு உங்க கிராம எல்லைக்குள்ளயா?"

"இல்ல சார்."

"அப்ப இது வெளி மூட்டம். அங்கீகரிக்கப்பட்ட மூட்டத்துல வெளி மூட்டத்தைக் கலந்தா அதுக்குப் பேர் கலப்படம்." அவர் நல்லவர், வழியும் சொன்னார். "இது எங்களுடையது அல்ல, அத்துமீறி நுழைந்ததுன்னு தலைவர் எழுதிக் குடுங்க. புதுப்பிச்சுத் தந்துடறேன். இல்லேன்னா இன்னிக்கு இலை போகாது."

இன்றைக்குக் கிள்ளிய இலை கூடை கூடையாகச் சுவரோரம் இருந்தது. பக்தராஜ் பேனாவை எடுத்தார். 'மேற்படி மூட்டத்துக்கும் சுங்தேல் கிராமத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தது. இங்கே அதை யாரும் அறிந்ததில்லை.' கையெழுத்து நன்றாக இருந்தது. அவருக்குப் பின்னால் டம்பர் போட்டான். இருட்டில் வரிசை நிற்பதுபோல, வெண்மையில் தடவித் தடவி ஊரே வந்து போட்டது.

ஜஸ்மாயா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"நீங்க இல்லாத பதினாறு வருஷமும் செடிக்கு நடுவுல என்கூட இருந்தது இதுதான்," என்றாள். "நானும் ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கட்டிக்கிட்டு வந்தவதான். இடம் இருக்கே, என் பேரையும் சேர்த்துடுங்க."

"அம்மாகிட்ட சான்று ஏதாவது இருக்கா?" என்று அக்கறையோடு கேட்டார் நிரௌலா.

ஜஸ்மாயா வெண்மைக்குள் நடந்தாள். இரண்டு எட்டில் காணாமல் போனாள்.

மூட்டத்தில் அரசாங்க வண்டி ஓட்டக் கூடாது என்பதால் நிரௌலா கிளம்பவில்லை. அந்த மூட்டம் கிராமத்தைச் சேர்ந்தது அல்ல என்று அவரே சற்று முன் எழுதி வாங்கியிருந்ததால், கிளம்பாததற்குக் காரணமும் எழுதவில்லை. தோங்பா கேட்டார். ஊறிப் புளித்த கேழ்வரகு மேல் வெந்நீர் ஊற்றி மூங்கில் குழாயோடு வைத்தார்கள். உறிஞ்சிக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தார்.

இலை மட்டும் சுவரோரமே இருந்தது. பாதை தெரியவில்லை. கூடையை முதுகில் ஏற்றிய நான்கு பேர் சுற்றிச் சுற்றி அதே முற்றத்துக்குத் திரும்பி வந்தார்கள். பிற்பகலில் பக்தராஜ் ஒரு கூடைக்குள் கை விட்டுப் பார்த்தார். கொழுந்து சூடாகியிருந்தது.

தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. "என்ன தலைவரே, முதல் கொழுந்து, இன்னும் காணோம்? நாலு மணிக்கு மேல எடுக்க மாட்டோம்."

"வழி தெரியல தம்பி."

"ஏன் தெரியல? மூட்டமா?"

பக்தராஜ் நிரௌலா இருக்கும் திசையைப் பார்த்தார். அங்கே மூங்கில் குழாய் உறிஞ்சும் ஓசை நின்றது. எல்லோரும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். கூடையிலிருந்து சிவந்த இலையின் வாடை எழத் தொடங்கியிருந்தது.

"சேச்சே, மூட்டம் எல்லாம் இல்ல," என்றார் மூட்டக் குழுத் தலைவர். "வெயில் கண்ணைக் கூசுது."

வெண்மைக்குள் எங்கிருந்தோ ஜஸ்மாயா சிரித்தாள். நாலு மாசத்தில் முதல் தடவையாக, இடையில் இருமாமல்.