மணிக்கு ஒரு கட்டு வைக்கல்

மாட்டு மூத்திரத்தோடு தங்கத்தைக் கலந்து, அதை வைத்து உலகக் குடிமக்களை உருவாக்கப் பார்த்தவர் இந்தப் பூமியிலே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரை மன்னார்ப் பக்கத்து அடம்பனில் எல்லோரும் சினை மிஸ் என்றுதான் சொல்வோம். அவருடைய சொந்தப் பெயர் அழகான பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அடம்பன் சந்தியில் ஒருவரும் வழி காட்டமாட்டார்கள்.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய மீள்குடியேற்றக் காலம் அது. மற்ற ஊர்களுக்குத் திட்டம் என்றால் தகரம் வரும், மண்வெட்டி வரும், மிஞ்சினால் மலசலகூடம் வரும். எங்களுக்கு வந்த திட்டத்தில் மூன்று தலைகள் இருந்தன. மாடுகளின் சினைப்பிடிப்பு பற்றிய ஆராய்ச்சி ஒன்று. நானோ தொழில்நுட்பத்தில் உணர்கருவி செய்வது இரண்டாவது. மூன்றாவது, மக்களுக்கு உலகக் குடியுரிமைக் கல்வி. முதல் இரண்டிலும் மிஸ் பெரிய படிப்புப் படித்தவர். மூன்றாவது, சவர்க்காரம் வாங்கினால் இலவசமாகத் தரும் கோப்பை மாதிரிக் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. காசு தருகிறவர்களின் நிபந்தனையாம்.

அந்தத் திட்டத்துக்கு உதவியாளராகச் சேர்ந்தவன் நான். கடலோரத் தாழ்வுபாட்டு ஊர்க்காரன். பரம்பரையாக மீன்பிடிக் குடும்பம். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குக் கொம்பு இருக்கும், அது குத்தும் என்பது மட்டும்தான். என் கையில் ஒரு நீண்ட தடியைத் தந்து, அதன் நுனியில் ஒரு போத்தலையும் கட்டிவிட்டு மிஸ் சொன்னார்: "அந்தோனி அண்ணை, மாட்டுக்குப் பின்னால நில்லுங்கோ. அவ பெய்யேக்கை பிடியுங்கோ."

"எப்ப பெய்யும், மிஸ்?"

"தெரியாது. அவவிட்டைத்தான் கேக்கவேணும்."

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மிஸ் உண்மையிலேயே மாட்டின் முன்னால் போய் நின்று, "கொஞ்சம் தாறியளோ?" என்று மரியாதையாகக் கேட்டார். மாடும் தந்தது. எங்கள் கோயிற்பற்றுப் பாதிரியாருக்குக்கூட அவ்வளவு கெதியில் ஒருவரும் கீழ்ப்படிந்து நான் பார்த்ததில்லை.

மிஸ்ஸின் கதை இதுதான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது வள்ளத்தில் ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள். அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே படித்து, ஆராய்ச்சியாளராகி, சண்டை முடிந்ததும் தனியாகத் திரும்பி வந்தவர். தாய் தகப்பன், சகோதரங்கள் எல்லோரும் அக்கரையில். இந்தப் பக்கம் அவருக்கென்று இருந்தவை ஒரு நுணுக்குக்காட்டியும் ஒரு ஜெனரேற்றரும் கூரையில் பாதி இல்லாத ஒரு பழைய நெல்லுக் களஞ்சியமும். கோபம் வந்தால் மட்டும் வாயில் தமிழ்நாட்டுத் தமிழ் வரும். மற்ற நேரமெல்லாம் எங்கள் பேச்சுத்தான்.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு கடதாசித் துண்டு. தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத பொடியாக்கித் தண்ணீரில் விட்டால் அது சிவப்பாகிவிடுமாம். அந்தச் சிவப்பைத் துண்டில் ஏற்றி, மாட்டின் மூத்திரத்தில் ஒரு சொட்டு விட்டால், சினைமாட்டின் உடம்பில் மட்டும் ஊறுகிற ஒரு பொருளை அது பிடித்துக்கொள்ளும். இரண்டு சிவப்புக் கோடு வந்தால் சினை. ஒரு கோடு என்றால் இல்லை. சண்டைக்குள் சனம் மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடியது. திரும்பி வந்து காட்டுக்குள் தேடிப் பிடித்துக் கட்டிய மாடுகளில் எது சினை, எது மலடு என்று ஒருவருக்கும் தெரியாது. பால் இல்லாத மாட்டை வைத்துத் தீனி போடுவதா, இறைச்சிக்குக் கொடுப்பதா என்று வீட்டுக்கு வீடு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அந்தச் சிவப்புத் தண்ணீரோடு ஒருநாள் மன்னார்ப் பாலத்தடி செக்பொயின்றில் மாட்டிக்கொண்டோம். ஆமிக்காரன் போத்தலை வெயிலில் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டான். எனக்கு மூளை வேலை செய்தது. "பூசைக்கு வைன், சேர்" என்றேன். அவனும் தலையாட்டித் திருப்பித் தரப்போனான். பின்னாலிருந்து மிஸ், "இல்லை. ரத்தரன்" என்றார். சிங்களத்தில் ரத்தரன் என்றால் தங்கம்.

ஆமிக்காரன் போத்தலைப் பார்த்தான், மிஸ்ஸைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். பெரியவன் வந்தான். இருக்கக் கதிரை வந்தது. தங்கம் ஏன் சிவக்கிறது என்று மிஸ் தெரிந்த நாலு சிங்களச் சொல்லிலும் மீதியைக் கையாலும் விளக்கினார். நான் மனதுக்குள் மருதமடு மாதாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் அந்தப் பெரியவன் எங்களை மோட்டார் சைக்கிள் வரைக்கும் வந்து வழியனுப்பினான். தன் ஊரில் அம்மாவிடம் ஒரு மாடு நிற்கிறது, அதையும் பார்க்கலாமோ என்று கேட்டான். "கொண்டுவரச் சொல்லுங்கோ" என்றார் மிஸ்.

உலகக் குடியுரிமை வகுப்பு சனிக்கிழமைகளில் பொதுநோக்கு மண்டபத்தில் நடக்கும். 'நாம் அனைவரும் உலகக் குடிமக்கள்' என்ற பெரிய படத்தைச் சுவரில் தொங்கவிட்டு மிஸ் தொடங்குவார். முதல் வகுப்பிலேயே முன்வரிசை ஐயா ஒருவர் எழுந்தார். அவரும் இந்திய முகாமிலிருந்து திரும்பியவர்தான்.

"மிஸ், அந்த உலக அடையாள அட்டையை எந்தக் கந்தோரில தருவினம்? எனக்கு இஞ்சத்தை அட்டையே இன்னும் கிடைக்கேல்லை."

"எனக்கும் கிடைக்கேல்லை, ஐயா" என்றார் மிஸ்.

மண்டபமே சிரித்தது. மிஸ் படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு பரிசோதனைத் துண்டை எடுத்தார். இதிலிருக்கிற கடதாசி ஒரு நாட்டில் செய்தது, தங்கம் வேறொரு நாட்டில் தோண்டியது, சினையைப் பிடிக்கிற வித்தையை இன்னொரு நாட்டுக்காரர் கண்டுபிடித்தார், அவர்களில் ஒருவருக்கும் மற்றவரைத் தெரியாது என்று சொன்னார். "இனி இதுக்குள்ள உங்கட மாடு கறுப்பியின்ர மூத்திரமும் சேரப்போகுது. அவ்வளவுதான் பாடம். போய் மாட்டைப் பாருங்கோ." நான் மூன்று நாள் பயிற்சிப் பட்டறைகளெல்லாம் இருந்து எழும்பியவன். ஒன்றும் மண்டையில் ஏறியதில்லை. அன்றைக்கு ஏறியது.

மிஸ்ஸிடம் ஒரு வழக்கம் இருந்தது. போத்தலில் மாட்டின் பெயர் மட்டும்தான் எழுதியிருக்க வேண்டும். யாருடைய மாடு என்று கேட்கவேமாட்டார். காட்டிலிருந்து பிடித்த மாடுகளுக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்ததால், பெயர் கேட்டால் சனம் வராது என்று அவருக்குத் தெரியும். விடியவே சனம் போத்தல்களைக் களஞ்சியத்து யன்னலில் வைத்துவிட்டுப் போகும். பின்னேரம் மிஸ் வாசலில் நின்று வாசிப்பார். "கறுப்பி, சினை. வெள்ளைச்சி, சினை. செவலி, இப்ப இல்லை." கறுப்பிக்காரர் கிடாய் வெட்டாத குறையாக வீட்டுக்குப் போவார்.

அப்படி ஒருநாள் 'மணி' என்று ஒரு போத்தல் வந்தது. ஒரு கோடுதான் காட்டியது. "மணி, இப்ப இல்லை" என்று வாசித்தார். மறுநாளும் மணி வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது.

மிஸ் குழம்பிப்போனார். எந்தப் போத்தலிலும் முதலில் ஒரு நிறத்தாளை நனைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். புல்லுத் தின்கிற மாட்டின் மூத்திரத்தில் அந்தத் தாள் நீலமாகும். மணியின் போத்தலில் மட்டும் ஆகவில்லை. பட்டினி கிடக்கிற மாட்டுக்கு அப்படி வருமாம். மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணை, அந்தப் பிள்ளை சாப்பாடில்லாமல் நிக்குது. ஆர் வைக்கினம் எண்டு பாத்து, ஒரு கட்டு வைக்கல் குடுத்துட்டு வாங்கோ."

காலையில் மறைந்து நின்று பார்த்தேன். வைத்தது புவனமக்கா. நாற்பதைத் தாண்டியவர். ஒரே மகனைக் கடைசிச் சண்டையில் இழந்தவர். புருசன் தடுப்பு முகாமிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான். வைக்கல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்துக்குள் எல்லாம் அரிக்க அரிக்க, அவர் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, மணி எங்கை?"

புவனமக்கா வைக்கலைப் பார்த்துத் திகைத்துப்போனார். "மேயப் போயிட்டுது, தம்பி. உதிலை வைச்சிட்டுப் போங்கோ."

மறுநாளும் தாள் நீலமாகவில்லை. மிஸ் பிண்ணாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு தானே கிளம்பினார், நான் பின்னால் போனேன். வளவுக்குள் வைக்கல் போட்டபடியே கிடந்தது. அதற்கு நடுவில் ஒரு பேட்டுக்கோழி குழி பறித்துப் படுத்திருந்தது. பட்டி இல்லை. கட்டை இல்லை. ஒரு பிடி சாணம் இல்லை. மிஸ் பிண்ணாக்குப் பையைக் கீழே வைத்தார்.

புவனமக்கா குசினிக்குள் இருந்து வெளியே வந்தார். கையில் ஒரு கோப்பை, அதிலிருந்து ஆவி பறந்தது.

"அக்கா, மணி நீங்களோ?" என்று மிஸ் மெதுவாகக் கேட்டார்.

புவனமக்கா தலையைக் குனிந்துகொண்டார். "நாள் தள்ளிப்போச்சுது, மிஸ். இந்த வயசில ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் சிரிக்கும். மகன்ர படத்துக்கு முன்னால நிண்டு அழுறவள், அதுக்குள்ள இன்னொண்டோ எண்டு கதைப்பினம். மாட்டுக்குச் சொல்லுற துண்டு மனுசருக்கும் சொல்லும்தானே எண்டு நினைச்சன்." கோப்பையை ஒருமுறை ஊதினார். பிறகு, "நீங்கள் இல்லையெண்டு வாசிச்சிட்டியள். அப்ப இது வேற வருத்தம்தானே. நாள் வரப்பண்ண ஒராள் வேர் தந்தவ. அவிச்சு வைச்சிருக்கிறன்" என்று கோப்பையைக் காட்டினார்.

மாட்டிடம்கூடக் கேட்காமல் ஒரு சொட்டு எடுக்காத மிஸ் பாய்ந்துபோய் அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டார். அது சுவரில் பட்டு உடைந்தது. "கீழ போடுங்க அதை. என்ன பண்றீங்க நீங்க" என்றார், கோப்பை ஏற்கனவே கீழே கிடந்தது. குசினிக்குள் போய் அடுப்பிலிருந்த பானையையும் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"குடிச்சனீங்களோ, அக்கா?"

"இல்லை. இப்பதான் ஆத்தினனான்."

மிஸ் அந்த மண்ணிலேயே குந்திவிட்டார். "அந்தத் துண்டு மாட்டைத்தான் அறியும். உங்களைப் பொறுத்தவரைக்கும் அது குருடு. ஆர்ர போத்தல் எண்டு நான் ஒரு சொல்லுக் கேட்டிருக்கவேணும். பிழை என்ர. என்னை மன்னியுங்கோ." பெரிய படிப்புப் படித்த ஒருவர் அடம்பனில் ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"அப்ப எனக்கு என்ன, மிஸ்?"

"தெரியாது. வாங்கோ, போய்த் தெரிஞ்சுகொள்ளுவம்."

என் மோட்டார் சைக்கிளை மிஸ் எடுத்தார். அவருக்கு இரண்டாவது கியருக்கு மேல் போடத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. புவனமக்காவைப் பின்னால் இருத்தி, இரண்டாவது கியரிலேயே மன்னார் ஆஸ்பத்திரி வரைக்கும் அலற அலற ஓட்டிக்கொண்டு போனார். பின்னேரம் திரும்பி வந்தார்கள். வண்டியிலிருந்து புகை வந்தது. நான் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. "அது அக்கா சொல்லவேண்டிய விசயம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். புவனமக்கா வாசலிலேயே நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், சிரித்தார், திரும்பவும் துடைத்தார். எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த கிழமை எல்லாத் துண்டுப் பெட்டியிலும் மிஸ் தன் கையாலேயே ஒரு மாட்டுத் தலை கீறி ஒட்டினார். பார்க்க ஆடு மாதிரித்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. மற்றப்படி துண்டு சொன்னது சரியாகவே வந்தது. சினை என்று அவர் வாசித்த மாடுகளெல்லாம் கன்று போட்டன. அடம்பன் சந்தியில் பால் தேத்தண்ணி திரும்பவும் விலைப்பட்டது. திட்டம் முடிந்து மிஸ் ஆராய்ச்சிக்குக் கண்டிப் பக்கம் போய்விட்டார்.

புவனமக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்த செய்தியை நான்தான் அறிவித்தேன். மறுநாள் மத்தியானம் மிஸ் பஸ்ஸிலிருந்து கசங்கிய சீலையோடு இறங்கினார். இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் ஒரு நேர்ஸ் மறித்தார். சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே போகலாமாம்.

"நான் சொந்தமில்லை" என்று மிஸ் உடனே சொன்னார். கொண்டுவந்த பையை அந்த நேர்ஸிடம் நீட்டினார். மிஸ் திரும்பி நடக்கத் தொடங்கும்போது உள்ளே கட்டிலிலிருந்து புவனமக்காவின் குரல் கேட்டது.

"பிள்ளை, அவவை மறியாதேங்கோ. அவ என்ர தங்கச்சி. குழந்தைக்குச் சித்தி."

மிஸ் வாசலுக்குத் திரும்பி வந்தார். பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிறவர் மாதிரி உள்ளே போனார். இந்த மனுசி எங்களை விட்டுப் போன கவலை இவ்வளவு நாளும் எனக்குள் கிடந்திருக்கிறது. போகிற வருகிறவர்கள் தட்டிவிடாதபடி அந்தச் செருப்பைச் சுவரோரமாக எடுத்து வைத்துவிட்டு, அவர் வெளியே வரும்வரைக்கும் அதற்குப் பக்கத்திலேயே நின்றேன்.